களவு போகாத வெற்றிலைப் பெட்டி

முன்னொரு காலத்திலே, ஆற்றுக்கு இக்கரையில் கிடந்த மருதந்துறைச் சீமையை வில்லவராயன் என்கிற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுக்காரர்தான். ஆனால் கடைசியாக யார் வந்து பேசினார்களோ, அவர் சொன்னதே சரி என்று அவருக்குத் தோன்றிவிடும்.

ஒரு வருஷம் அந்த ஊர்ச் சந்தையில் திருட்டு அதிகமாகிவிட்டது. ஆடு வாங்கப் போனவன் மடிப்பணத்தைப் பறிகொடுத்தான். கல்யாணத்துக்குப் பட்டு வாங்கப் போனவள் கழுத்துச் சங்கிலியில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. சேனாபதி உக்கிரசிங்கத்தைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டார்.

உக்கிரசிங்கத்துக்கு மந்திரி அம்பலக்கூத்தரைக் கண்டாலே ஆகாது. ராஜாவுக்குப் பக்கத்தில் அவர் உட்காருவதே சேனாபதியின் கண்ணை உறுத்தும். மந்திரி வாய் திறப்பதற்கு முன்பே அவன் முந்திக்கொண்டான். காவலர்களை இரட்டிப்பாக்க வேண்டும், பிடித்துத் தருகிற ஒவ்வொரு திருடனுக்கும் வெகுமதி தர வேண்டும், செலவுக்கு வீட்டுக்கு வீடு காவல் வரி போட வேண்டும் என்றான். மந்திரி யோசித்துச் செய்யலாம் என்றார். “மந்திரியார் காசைக் காப்பாற்றச் சொல்கிறார். நான் ஜனங்களைக் காப்பாற்றச் சொல்கிறேன்” என்றான் சேனாபதி. ராஜா முத்திரை வைத்துவிட்டார்.

அதன்பிறகு வாராவாரம் கயிற்றில் கட்டிய திருடர்கள் அரண்மனை வாசலுக்கு வந்தார்கள். எல்லோரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ராஜா அவர்களைக் கல் உடைக்க மலைக்கு அனுப்பினார், வெகுமதியையும் கொடுத்தார். ஆனால் அதே வாசலில் பொருளைப் பறிகொடுத்தவர்களின் கூட்டமும் பெருகிக்கொண்டே போனது.

ராஜாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. இத்தனை திருடர்கள் பிடிபட்டுவிட்டால் மிச்சம் திருடுவது யார்? சேனாபதியைக் கேட்டார். திருடர்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள், வரியை இன்னும் ஏற்றினால் அவர்களையும் பிடித்துவிடலாம் என்றான் அவன். அதுவும் சரியாகத்தான் பட்டது. ஆனால் தூக்கம் வரவில்லை.

கடைசியில் மந்திரியைத் தனியாகக் கூப்பிட்டார். “அம்பலக்கூத்தரே, என் ஊர் பத்திரமாக இருக்கிறதா இல்லையா? எனக்கே தெரியவில்லை.”

“எனக்கும் சந்தேகம்தான், மகாராஜா. உங்கள் வெள்ளி வெற்றிலைப் பெட்டியை உங்கள் கையாலேயே பெட்டகத்தில் வைத்துப் பூட்டுங்கள். சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும். பெட்டி களவு போய்விட்டது என்று நாளைக்குச் சபையில் சொல்லுங்கள், போதும்.”

ராஜாவுக்கு இதுவும் புரியவில்லை. இருந்தாலும் செய்தார். மூடியில் கிளி செதுக்கிய அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு ஒரு கிராமமே வெகுமதி என்று மந்திரி சபையில் அறிவித்தார்.

அடுத்த சந்தை நாளன்று உக்கிரசிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு சபைக்குள் வந்தான். அவனுக்குப் பின்னாலேயே, கைகள் கட்டப்பட்ட ஒரு வண்டிக்காரன். சேனாபதி ராஜாவின் முன்னால் ஒரு வெள்ளிப் பெட்டியை வைத்தான். மூடியில் கிளி.

ராஜா பெட்டியைப் பார்த்தார். இடுப்பைத் தடவினார். சாவி இருந்தது. விறுவிறுவென்று எழுந்து உள்ளே போய்ப் பெட்டகத்தைத் திறந்தார். அவர் வைத்த பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. தமக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஒரு கணம் பயந்துபோனார். அதையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் முன்னால் இப்போது இரண்டு பெட்டி, இரண்டு கிளி.

“நீயா திருடினாய்?” என்று வண்டிக்காரனைக் கேட்டார்.

அவன் பெயர் சுடலையாண்டி. வைக்கோல் விற்க வந்தவன். முதலில் சேனாபதியைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். பயப்படாமல் பேசச் சொன்னார் மந்திரி.

“இந்தப் பொட்டியை இன்னைக்குத்தான் சாமி கண்ணால பாக்குறேன். ஒத்துக்கலேன்னா மாட்டைப் புடுங்கிக்குவோம்னாங்க. மாடு போச்சுன்னா எம்புள்ளைக பட்டினி. போன மாசம் பக்கத்து வீட்டுக்காரனை இப்பிடித்தான் ஆட்டுக்கள்ளன்னு கட்டிக்கிட்டு வந்தாங்க.”

ராஜாவுக்கு முகம் வெளிறிப்போயிற்று. மலையில் கல் உடைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவர் கண் முன்னால் வந்து நின்றார்கள். “அவர்களும் இப்படித்தானா?” என்று மெல்லக் கேட்டார். உக்கிரசிங்கம் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டான். கிராமத்துக்கு ஆசைப்பட்டு, வெகுமதிப் பணத்திலேயே தட்டானிடம் அவன் பெட்டி செய்யச் சொன்னது பிறகு விசாரணையில் வெளிவந்தது.

“திருடனைப் பிடித்தால்தான் காசு என்றோம். அதனால் காவலர்கள் சந்தையை விட்டுவிட்டு, வழியில் போகிறவர்களைப் பிடிக்கப் போய்விட்டார்கள், மகாராஜா. சந்தைக்குப் பின்னால் வேலி சரிந்து கிடக்கிறது. நிஜத் திருடன் அந்த வழியாக வந்து போகிறான். பார்க்க ஆளில்லை” என்றார் மந்திரி.

ராஜா அன்றைக்கு வேறு யாரையும் பேசவிடாமல் தாமே தீர்ப்புச் சொன்னார். சுடலையாண்டியையும் மலையில் இருப்பவர்களையும் உடனே விட வேண்டும், அவர்களுக்கு உக்கிரசிங்கத்தின் சொத்திலிருந்து நஷ்டம் கட்ட வேண்டும். வெகுமதி கிடையாது, காவல் வரியும் கிடையாது. எந்தத் தெருவில் பொருள் போனாலும் அந்தத் தெருக் காவலர்கள் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லையென்றால் தங்கள் கூலியிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். உக்கிரசிங்கம் பட்டுத் தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, கோலும் கையுமாகச் சந்தை வேலியோரம் காவல் நிற்க வேண்டும்.

பிறகு மந்திரி பக்கம் திரும்பினார். கிராமம் உமக்குத்தான் என்றார். மந்திரி வேண்டாம் என்றார். சேனாபதி செய்த பெட்டியை உருக்கி, வேலி கட்டவும் சந்தை முடுக்குகளில் விளக்கு வைக்கவும் கொடுத்தால் போதும் என்றார்.

ராஜா சந்தோஷமாகப் பெட்டியை எடுக்கக் குனிந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. இரண்டையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“இதில் என்னுடையது எது, அம்பலக்கூத்தரே?”

“இரண்டுமே ஜனங்கள் கொடுத்த வரிதான், மகாராஜா. எதை உருக்கினாலும் விளக்கு எரியும்.”

ராஜா இரண்டு பெட்டிகளையும் தட்டானிடம் அனுப்பிவிட்டு, வெற்றிலையைத் துணியில் மடித்து மடியில் கட்டிக்கொண்டார்.