மேடையில் உட்கார்ந்த முயல்குட்டி

ஒரு காட்டின் கடைசியில், மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கரடு, மொட்டைப் பாறைக்குன்று, இருந்தது. அங்கே முயல்கள் பட்டினி கிடந்தன. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே பட்டினி.

செம்பி என்ற தாய்முயலின் குட்டிக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. பாறை இடுக்கெல்லாம் தோண்டி, அவள் ஒரு வாய் அறுகம்புல் கொண்டுவந்தாள்.

அன்றைக்குப் பார்த்து, ஆற்றங்கரையிலிருந்து நற்சேவை மன்றப் பறவைகள் வந்து இறங்கின. முளைகட்டிய பயறு, கிழங்கு, கீரை எல்லாவற்றையும் தேக்கிலையில் கட்டி, பொட்டலம் பொட்டலமாக அடுக்கின. தட்டைப் பாறைதான் மேடை. மன்றத் தலைவரான மயில் கூட்டத்தை ஒரு சுற்று சுற்றி, செம்பியின் குட்டியிடம் வந்து நின்றது.

"இவன்தான்! இருக்கிறதிலேயே ஒல்லி. முதல் பொட்டலம் இவனுக்கு. மேடைக்குத் தூக்கிட்டு வாம்மா."

"ஒரு வாய் புல்லு கொடுத்துட்டு வர்றேங்கய்யா."

"ஐயையோ, வேண்டாம்! சிறப்பு விருந்தினர் யானையார் வர்றார். வயிறு ஒட்டிக் கிடக்கிறதைப் பார்த்தாத்தான் அவர் மனசு இளகும். இளகிட்டா மாசாமாசம் பொட்டலம் வரும். உங்க கரட்டுக்கே நல்லது."

மாசாமாசம்! செம்பி புல்லைக் கீழே வைத்தாள். பக்கத்தில் நின்ற வேறொரு குட்டி அதை அப்போதே தின்றுவிட்டது. செம்பி தன் குட்டியைத் தூக்கிப்போய் மேடையில் உட்காரவைத்தாள்.

யானையார் வரவில்லை. வெயில் ஏறியது. மன்றச் செயலாளரான கிளி வரவேற்புரை பேசியது. மயில் கிளிக்குப் பொன்னாடை போர்த்தியது. கிளி மயிலுக்குப் போர்த்தியது.

"உன் பிள்ளை பெரிய ஆளாயிட்டான்டி, மேடையெல்லாம் ஏறிட்டான்!" என்று கீழேயிருந்து கிண்டல் செய்தாள் பக்கத்து வளைக்காரி. செம்பிக்கும் சிரிப்பு வந்தது.

"அம்மா, பசிக்குது."

"இதோ வந்துருவார்டா கண்ணு." அவள் மயிலைப் பார்த்தாள். "ஐயா, ஒரே ஒரு பொட்டலத்தைப் பிரிக்கட்டுமா?"

"யானையார் தொட்டுக் கொடுக்கிறதுக்கு முன்னாடியா? என்னம்மா நீ, சபை நாகரிகம் தெரியாம!"

கொஞ்ச நேரத்தில் குட்டி கேட்பதை நிறுத்திவிட்டது. தூங்கிவிட்டான் என்று செம்பி நினைத்தாள்.

பொழுது சாயும்போது யானை வந்தது. முதல் பொட்டலத்தைத் துதிக்கையால் எடுத்து நீட்டியது. குட்டி வாங்கவில்லை.

"எழுப்பும்மா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்றது கிளி.

செம்பி தொட்டுப் பார்த்தாள். குட்டி சில்லிட்டுக் கிடந்தது.

யானைக்கு மனசு இளகிவிட்டது. கண்ணீரே விட்டது. "இனிமேல் மாசாமாசம்..." என்று பேச ஆரம்பித்தது.

செம்பி அதைக் காதில் வாங்கவில்லை. அடுக்கின்மேல் பாய்ந்து பொட்டலங்களைப் பல்லால் கிழித்தாள்.

"வாங்கடா, வந்து தின்னுங்க! எவனுக்காகவும் நிக்காதீங்க!"

குட்டிகள் விழுந்தடித்துக்கொண்டு மேடையேறின. "வரிசை! வரிசையா வாங்க!" என்று மயில் கத்தியது. எந்தக் குட்டியும் நிற்கவில்லை. தன் குட்டியை யாரும் மிதித்துவிடாதபடி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, செம்பி கிழித்துக் கிழித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

நீதி: பசித்தவனைக் காட்சிக்கு வைக்காதே. முதலில் சோறு போடு.