செம்மூக்கி காத்த ரகசியம்

விலங்குக்கும் பறவைக்கும் பேச்சு ஒன்றாக இருந்த அந்தக் காலத்தில், ஆற்றின் இக்கரையில் யானைகளும் அக்கரையில் காட்டெருமைகளும் வாழ்ந்தன. ஒரு கோடையில், நீர் குடிக்க இறங்கிய யானைக்கன்றை எருமை ஒன்று முட்டிக் கொன்றுவிட்டது.

பழிக்குப் பழி வேண்டும் என்று யானைகள் பிளிறின. அவற்றின் தலைவிக்குப் போரில் விருப்பமில்லை. ஆனால் சும்மா இருந்தால் சொந்தக் கூட்டமே அவளை மதிக்காது. அவள் செம்மூக்கி என்ற பறவையைத் தனியே அழைத்தாள். அதிர்ந்து பேசத் தெரியாத பறவை அது.

"எருமைத் தலைவன் காதில் மட்டும் சொல். நாளை உச்சிவெயிலில் அக்கரைப் பொட்டலை மிதிக்க வருவோம். அங்கே யாரும் இருக்க வேண்டாம்."

செம்மூக்கி அக்கரையைத் திரும்பிப் பார்த்தது. "அம்மா, அந்தப் பொட்டலில்தான் என் முட்டைகள் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் அடைகாக்கிறார். வேறு இடம் பார்க்கக் கூடாதா?"

"எருமைகள் கூடும் இடம் அதுதான். வேறெங்கு மிதித்தாலும் என் கூட்டம் நம்பாது. கூட்டின் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கல்லை வை, நான் சுற்றிப் போகிறேன். ஆனால் யாரிடமும் மூச்சு விடாதே. விஷயம் வெளியே தெரிந்தால் நிஜமாகவே போர் மூளும்."

செய்தி கேட்ட எருமைத் தலைவன் பெருமூச்சு விட்டான். "நாங்கள் மலையடிக்குப் போய்விடுகிறோம். நன்றாகப் புழுதி கிளப்பச் சொல்."

செம்மூக்கி கூட்டருகே கல்லை உருட்டி வைத்தது.

"ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டது ஆண்பறவை.

"வெயில்" என்றது செம்மூக்கி.

மறுநாள் யானைகள் ஆற்றைக் கடந்தன. தலைவி சொன்னபடி கல்லைச் சுற்றிப் போனாள். பின்னால் வந்தவர்களுக்கு எதுவும் தெரியாது. புழுதியில் கல்லும் தெரியவில்லை. செம்மூக்கி வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தியது. பிளிறலில் அது யார் காதிலும் விழவில்லை. ஆண்பறவை முட்டைகளின்மேல் சிறகை விரித்தபடி எழாமலே இருந்தது. புழுதி அடங்கியபோது கூடு இருந்த இடத்தில் யானைகளின் காலடித் தடங்கள் மட்டுமே இருந்தன.

சாயங்காலம், "எருமைகளை ஓடவிட்டுப் பழி தீர்த்துவிட்டோம்" என்று யானைகள் கொண்டாடின. "எங்களில் ஒருவரையும் தொட முடியவில்லை" என்று எருமைகள் கொண்டாடின. போர் வரவில்லை.

தலைவி மட்டும் பொட்டலுக்குத் திரும்பி வந்தாள். "நான் சுற்றித்தான் போனேன், செம்மூக்கி."

"பார்த்தேன் அம்மா. நான்தான் அவரிடம் சொல்லவில்லை."

அந்த நாளிலிருந்துதான், பொட்டலில் யார் கால் வைத்தாலும், பகையா நட்பா என்று பாராமல், செம்மூக்கி தலைக்குமேல் பறந்து ஊருக்கே கேட்கக் கத்துகிறது. நாம் அதை ஆட்காட்டி என்கிறோம்.