எட்டாவது தடம்

பாலைவனத்தின் எல்லைப் பக்கம் பில் என்ற பழங்குடிச் சனங்களிடம் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. களவுபோன ஒட்டகத்தின் தடம் எந்தக் குடியிருப்புக்குள் நுழைகிறதோ, அந்தக் குடியிருப்பு அது வெளியே போன தடத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் ஈடாக ஓர் ஒட்டகம் கொடுக்க வேண்டும். தடம் பார்ப்பவர் சொல்லே தீர்ப்பு.

ரூப்ளி தடம் பார்ப்பதில் மகா கெட்டிக்காரி. ஆனால் மணல்காற்று அவள் பார்வையை ஏறக்குறைய வாங்கிவிட்டது. அவளிடம் தொழில் கற்கும் கேவாதான் இப்போது அவளுக்குக் கண். வயதில் அவளைவிட மூத்தவன்.

ஒரு நாள் கேவாவின் ஒட்டகமே களவு போனது. இருந்தது அது ஒன்றுதான். அவன் பிள்ளைகள் நால்வரும் அதன் பாலைக் குடித்துத்தான் வளர்ந்தார்கள்.

அவனும் ரூப்ளியும் தடம் பிடித்து நடந்தார்கள். பின்னால் ஊரே வந்தது. நடுப்பகலில் ஜோகிகளின் குடிசைகள் தெரிந்தன. பாம்பாட்டிப் பிழைக்கும் அயல் சனம் அவர்கள். சுற்றுவட்டாரத்தில் எது காணாமல் போனாலும் முதலில் அவர்கள் தலைதான் உருளும். அவர்களிடமும் ஒரே ஒரு ஒட்டகம்தான் நின்றது.

குடிசைகளுக்கு ஐம்பது அடி முன்னால் தடம் நின்றுபோனது. அதற்கப்புறம் நாலா பக்கமும் காற்று மணலைத் துடைத்துவிட்டிருந்தது.

"உள்ளே போயிருக்கா, சொல்லு" என்று ஊர்த்தலைவர் அவசரப்படுத்தினார்.

"போயிருக்கு" என்றான் கேவா.

ரூப்ளி மணலில் உட்கார்ந்தாள். "என் விரலைப் பிடிச்சு இங்கிருந்து ஒவ்வொரு தடத்திலயும் வை."

வைத்தான். ஏழு தடங்கள் வரை அவள் விரல் பள்ளத்தில் இறங்கியது.

"எட்டாவது?"

கேவா அவள் கையை வெறும் மணலில் வைத்தான். அவள் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஒட்டகம் நடக்கலையே."

"காத்து அழிச்சிருக்கும் அம்மா. எதிர்ல அவங்க குடிசைதானே? வேற எங்க போயிருக்கும்?"

"நீ பாத்தியா?"

"என் பிள்ளைங்க இனிமே எதைக் குடிக்கும்?"

"என் ஒட்டகத்தைக் கறந்துக்கோ. கேட்டதுக்குப் பதில் சொல்லு. பாத்தியா?"

குடிசை வாசலில் ஒரு ஜோகிப் பெண் தங்கள் ஒட்டகத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேவா அவளைப் பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஊர் சனத்தைப் பார்த்துத் திரும்பினான். "ஏழாவது தடத்துக்கு மேல எனக்குத் தெரியாது."

தலைவர் சிரித்துவிட்டார். "பன்னிரண்டு வருஷம் இவகிட்ட இருந்து, தெரியாதுன்னு சொல்லத்தான் கத்துக்கிட்டியா?"

ரூப்ளி கையிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"தடம் பாக்க ரெண்டு வருஷம் போதும், தலைவரே. மிச்சமெல்லாம் தெரியாதுன்னு சொல்றதுக்குத்தான்."