லீவு போட்ட நோயாளி

கோணக்கரையில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் சடகோபன், பிச்சாண்டி, மாசிலாமணி மூவரையும் லேசில் குறை சொல்லிவிட முடியாது. சொன்ன வேலையைச் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதில்தான்.

பேச்சு சிகிச்சைக் கல்லூரியின் பேராசிரியை செண்பகவல்லி ஒருநாள் அவர்களைத் தேடி வந்தார்.

"என் பிள்ளைங்களுக்கு வெள்ளிக்கிழமை செய்முறைத் தேர்வு. சிகிச்சை கொடுத்துப் பழக நோயாளி கிடைக்கலை. கம்ப்யூட்டர்லயே ஒருத்தரைச் செஞ்சு கொடுங்க. பக்கவாதம் வந்து பேச்சு தடுமாறுறவர். தேர்வும் அவரை வெச்சுத்தான். அச்சு அசலா நிஜ மனுஷன் மாதிரியே இருக்கணும், சொல்லிட்டேன்!"

கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் ஆலோசித்தார்கள்.

"நிஜ மனுஷன்னா பசிக்குமே?" என்றான் பிச்சாண்டி.

"ஒரு மணிக்குச் சாப்பிட விட்டுடுவோம்" என்றான் சடகோபன்.

"சொந்தபந்தம்?"

"அது இல்லாம ஒரு மனுஷனா?" என்று மாசிலாமணி ஒரு மச்சினியைச் சேர்த்தான். வயசுக்கு வந்த பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பது? வேலங்குளத்தில் அவளுக்குக் கல்யாணமும் வைத்தான். நோயாளிக்கு ஆவுடையப்பன் என்று பேர்.

திங்களன்று மாணவர்கள் கம்ப்யூட்டரில் பாடத்தைத் திறந்தார்கள். திரையில் காலி நாற்காலி. 'பஸ் பஞ்சர்' என்று எழுதியிருந்தது. காத்திருந்தார்கள். ஆவுடையப்பன் ஒருவழியாக வந்து உட்கார்ந்து, "வ... வ..." என்று வணக்கம் சொல்லத் தொடங்கும்போது மணி ஒன்று. எழுந்து சாப்பிடப் போய்விட்டார். மறுநாளிலிருந்து 'மச்சினி கல்யாணம்' என்ற அறிவிப்பு மட்டும்தான்.

வியாழனன்று செண்பகவல்லி போனில் கத்தினார். "நாளைக்குத் தேர்வு! அந்த ஆள் எங்கிருந்தாலும் கூட்டிட்டு வாங்க! இல்லேன்னா பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் போச்சு!"

பாவம், அழுதேவிட்டார். மூவருக்கும் மனசு கேட்கவில்லை. உடனே வேன் பிடித்து வேலங்குளம் கிளம்பினார்கள். கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஒரு குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, தேர்வு அறை வாசலில் அதே விளக்கோடு வந்து நின்றார்கள்.

"வந்துட்டாரா?" என்று ஓடிவந்தார் பேராசிரியை.

சடகோபன் கோபத்தோடு விளக்கைத் தரையில் வைத்தான். "வேலங்குளத்துல வீடு வீடா விசாரிச்சோம் மேடம். அங்க கல்யாணமே நடக்கலை! அந்த ஆள் சொன்னது சுத்தப் பொய். இப்படிப்பட்டவரை நம்பிப் பிள்ளைங்களை விடலாமா? கம்ப்யூட்டரை விட்டே துரத்திட்டோம்."

செண்பகவல்லி தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கவலைப்படாதீங்க மேடம்" என்று ஆறுதல் சொன்னான் மாசிலாமணி. "அவர் மச்சினியை உட்கார வெச்சுடலாம். கல்யாணம்தான் நடக்கலையே, பாவம், வீட்டுல சும்மாதான் இருப்பா."