ஆத்தங்கரை வீட்டை விட்டுக் குடிபோன நேரம்

ஒரு ஊர்ல, கொள்ளிடத்துக் கரையை ஒட்டின ஒரு வீட்ல, ஒரு மருமக இருந்தா. பேரு தையல்நாயகி. நீ ம் கொட்டணும், அப்பத்தான் சொல்லுவேன். ம்... ஆங்.

அவ புருசன் வெளியூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டான். வீட்ல அவளும், தத்தித் தத்தி நடக்கற அவ பொண்ணு கனகாவும், மாமனார் ஐயாறப்பனும்தான். மேட்டுத்தெருவுல புதுசா ஒரு வீடு கட்டி, ஓடு போட்டு, பூட்டி வச்சிருந்தாங்க. சாவி மாமனார் இடுப்புல. குடிபோக நல்ல நாள் அமையணும்னு காத்துக்கிட்டிருந்தாரு.

அவரு ஒண்ணும் வீம்புக்காரரு இல்ல கண்ணு. வாலிபத்துல பொண்டாட்டியும் கைப்புள்ளையுமா அந்தக் கரை வீட்டுக்கு வந்தப்ப, நாளும் பாக்கல, நேரமும் பாக்கல. சட்டிபானையை வண்டியில ஏத்திக்கிட்டு வந்து இறங்கிட்டாரு. அந்த மாசமே பொண்டாட்டி காய்ச்சல்ல போயிட்டா. அன்னியிலேர்ந்து பஞ்சாங்கம் பாக்காம தலைமுடி கூட வெட்ட மாட்டாரு.

அப்புறம், ஆனி மாசக் கடைசியில மேக்கே மழை கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு. ஆத்துல செக்கச் செவேல்னு தண்ணி வந்துச்சு. சளப்பு சளப்புன்னு கரையை நக்குச்சு. ஒருநாள் காலையில கொல்லைப்பக்கம் தொபீர்! ஓடிப்போயி பாத்தா, முருங்கமரம் வேரோட ஆத்துக்குள்ள கெடக்கு.

"மாமா, இன்னிக்கே மேட்டுத்தெருவுக்குப் போயிடலாமா?"

"இன்னிக்கு அஷ்டமி தாயி. நாளைக்கு நவமி. கொஞ்சம் பொறு."

பொறுத்தா. நவமி போச்சு, கரிநாள் வந்துச்சு. கரிநாள் போறதுக்குள்ள ஆடி பொறந்துடுச்சு. ம் எங்க? ம்...

தண்ணி இன்னும் ஏறுச்சு. தையல்நாயகி படுத்தா தூக்கம் வரல. ஒரு கை புள்ள மேல, ஒரு காது ஆத்து மேல. அப்போ ஒருநாள் சாயங்காலம், மடமடமடன்னு மாட்டுக்கொட்டகை சரிஞ்சு ஆத்தோட போச்சு. நல்லவேளை, மாடு மேயப் போயிருந்துச்சு.

"மாமா, இனிமே இங்க இருக்க வேண்டாம் மாமா."

"ஆடியில யாராச்சும் குடிபோவாங்களா தாயி? ஆவணி பொறக்கட்டும். மொத முகூர்த்தத்துல போயிடலாம்."

ஆவணி வரைக்கும் ஆறு பொறுக்குமா? அவ கேக்கல. மனசுக்குள்ளயே அடக்கிக்கிட்டா.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழம. அடுப்புல சோறு கொதிச்சுக்கிட்டிருக்கு. தரையில பர்ர்ர்னு சத்தம், துணி கிழியறாப்ல. பானை ஒருபக்கமா சாயுது. குனிஞ்சு பாத்தா, அடுப்படி தரை நீளமா பொளந்து கெடக்கு! வாரிச் சுருட்டிக்கிட்டு புள்ளையத் தூக்கினா.

"மாமா! தரை பொளந்துடுச்சு, வாங்க!"

அவரு வந்தாரு, பொளப்பைப் பாத்தாரு. நிமிந்து வெயிலைப் பாத்தாரு.

"ராகுகாலம் இப்பத்தான் பொறந்திருக்கு தாயி. உச்சிப்பொழுதோட போயிடும். அதுவரைக்கும் இருப்போம்."

செவுத்துலேர்ந்து மண்ணு பொலபொலன்னு உதிருது. அவ ஒரே ஓட்டமா ஓடினா. எதுத்த மேட்டுல அஞ்சுகம்னு ஒருத்தி ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தா.

"அக்கா, புள்ளையப் புடிங்க!"

"அடியே, திரும்பிப் போகாதடி!"

போனா. உள்ள மாமனார் தூணைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. இத்தனை நாளும் அவரு பிடிவாதம் புடிக்கறாருன்னுல்ல நினைச்சா! இப்பத்தான் தெரிஞ்சுது, மனுசன் பயந்து போயிருக்காருன்னு. பக்கத்துல குத்துக்கால் வச்சு உக்காந்தா.

"மாமா, அத்தை போனதுக்கு நீங்கதான் காரணம்னு நினைச்சுக்கிட்டிருக்கீங்களா?"

அவரு தூணை இன்னும் இறுக்கிக்கிட்டாரு.

"சரி. இன்னிக்குக் கிளம்பச் சொன்னது நான். ஏதாச்சும் கெடுதல் வந்தா சாமி என்னைக் கேக்கட்டும். நீங்க எந்திரிங்க."

அப்போ பின்செவுரு தடால்!

"உன்னைக் கேக்கறதா?" அவரு விசுக்குன்னு எந்திரிச்சாரு. "உன்னை எதுக்குக் கேக்கணும்? நான் எதுக்கு இருக்கேன்? வா!" அவ மணிக்கட்டைப் புடிச்சு இழுத்துக்கிட்டு வெளியில வந்தாரு. மேட்டுல கால் வைக்கறாங்க, பின்னாடி கடகடகடன்னு வீடு மொத்தமும் ஆத்துல இறங்கிடுச்சு. பானை போச்சு, சோறு போச்சு, பஞ்சாங்கமும் போச்சு.

அஞ்சுகத்துக்கிட்டேர்ந்து புள்ளைய வாங்கிக்கிட்டு மேட்டுத்தெருவுக்குப் போனாங்க. வீட்டு வாசல்ல அவரு பூட்டுல சாவியைப் போட்டாரு. "நீ நில்லு தாயி. மொதல்ல நான். வர்றது என்னோட நிக்கட்டும்." கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு உள்ள கால் வச்சாரு. அப்புறம்தான் அவளையும் புள்ளையையும் கூப்பிட்டாரு.

ம் சொல்லு. இன்னும் முடியல.

மறுநாளே கனகாவுக்கு ஒடம்பு நெருப்பாக் கொதிச்சுது. டாக்டர் ஊசி போட்டு மருந்து குடுத்தாரு. தையல்நாயகி மனசுக்குள்ள ஒரே கேள்வி. நான்தான் வாயைக் குடுத்து வாங்கிக்கிட்டு வந்துட்டேனோ? ஈரத்துணி போட்டுப் போட்டு எடுக்கறா. மாமனாரு புள்ள கால்மாட்டுலயே உக்காந்திருக்காரு. ஒருநாள் போச்சு, காய்ச்சல் விடல. ரெண்டாம் நாள் போச்சு, விடல. மூணாம் நாள் காலையில புள்ளைக்கு வேர்த்துக் கொட்டுச்சு. கண்ணைத் தொறந்து, "அம்மா, சோறு"ன்னுச்சு.

பெரியவரு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு குலுங்கிக் குலுங்கி அழுதாரு.

"உங்க அத்தைக்கும் இதே காய்ச்சல்தான் தாயி. அன்னிக்கு ஆத்துல வெள்ளம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முடியல. அவ போனதுக்கு வேற காரணம் ஒண்ணும் இல்ல... வேற ஒண்ணுமே இல்ல."

அவ அவருக்கு ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடுத்தா.

அப்புறம் அந்த வாரமே கரையோரத்து மாசிலாமணி மூச்சு வாங்க ஓடிவந்தான். "பெரியப்பா, நாங்களும் வீட்டைக் காலி பண்ணணும். ஆடியா இருக்கே, எந்த நாளு தோதுன்னு பாத்துச் சொல்லுங்க."

தையல்நாயகி மாமனார் மொகத்தையே பாத்தா. அவரு விரலை மடக்கி எண்ணல, வெயிலையும் பாக்கல.

"தண்ணி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"கொல்லை வேலி வரைக்கும்."

"அப்ப இதான்டா நேரம். நட, நானும் வந்து சாமான் தூக்கறேன்." துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி நடந்தாரு.

ஆத்துல தண்ணி வடிஞ்சுது, கதையும் வடிஞ்சுது. என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி சரி... தூங்கு கண்ணு.