பொய் சொன்னால் கத்தும் டப்பா

தாளாளர் நல்லபெருமாள் எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அவர் தொண்டை போய்ச் சேர்ந்துவிடும். பள்ளிக் கண்காட்சிக்கும் அப்படித்தான் வந்தார்.

"ஒயரை முறுக்கி விளையாட இதுகளுக்கு ஒரு லேபா? பூட்டுங்க! என் பந்தல் சாமான் போட இடமில்லை."

கத்திக்கொண்டே எட்டாம் வகுப்பு ஜெனிட்டாவின் மேசை முன்னால் நின்றார். மேசைமேல் ஒரு சோப்பு டப்பா. உள்ளே சின்னக் கணினிப் பலகை, வெளியே ஒயரில் தொங்கும் இரண்டு ஆணி.

"இது என்ன செய்யும்?"

"மண்ணுல குத்தினா, ஈரம் இல்லேன்னா கத்தும் ஐயா. புரோகிராம் நானே எழுதினேன்."

"மண்ணைத் தொட்டா எனக்குத் தெரியாதா? பொய் சொன்னா கத்துமா? செஞ்சு காட்டு, லேபைத் தொடமாட்டேன்."

கூட வந்தவர்கள் கடமைக்குச் சிரித்தார்கள். ஜெனிட்டா அசரவில்லை.

"இதுவே கத்தும் ஐயா. வாசல் வரைக்கும் வாங்க."

வாசலில், வருஷாவருஷம் அதே குழியில் தாளாளர் கேமராவுக்கு முன்னால் நடும் வேப்பங்கன்று வதங்கி நின்றது.

"இதுக்கு இன்னைக்குத் தண்ணி ஊத்தியாச்சா ஐயா?"

"பின்னே? காலையிலேயே ஊத்தியாச்சு!"

ஜெனிட்டா ஆணிகளை மண்ணில் குத்தினாள். டப்பா போட்ட கூச்சலில் மதில்மேல் இருந்த காக்காய்கள் பறந்தன.

"டப்பா ரிப்பேர்!" என்றார் தாளாளர்.

ஜெனிட்டா தன் தண்ணீர் பாட்டிலைக் கன்றுக்குக் கவிழ்த்தாள். டப்பா அடங்கியது.

"ரிப்பேர் இல்லை ஐயா. நீங்க சொன்னது இப்பத்தான் உண்மையாச்சு."

எட்டாம் வகுப்பு மொத்தமும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது. அன்றைக்குப் பூட்டு விழுந்தது உண்மைதான். லேபுக்கு இல்லை, தாளாளர் வாய்க்கு.