பந்தைத் திருப்பிக் கொடுத்த மிளகு

புல்வெளி ஒன்றில் வரகுக்கோழி என்ற காட்டுப் பறவை ஒன்று நாலு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் அங்கே புல்லறுக்கும் மெஷின் வரப்போகிறது. பாவம், அது கோழிக்குத் தெரியாது.

அந்தப் பறவை இனத்தில் மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான். இருக்கிற அந்த ஒரு கூட்டையாவது காப்பாற்றலாம் என்று, மிளகு என்ற கறுப்பு நாயைக் கூட்டிக்கொண்டு வந்தாள், பறவைகளைப் பாதுகாக்கும் வேலையில் இருந்த தமயந்தி. மிளகு படித்த பாடம் இதுதான்: கோழி வாசனை வந்தால் குரைக்கக் கூடாது, கிட்டே போகவும் கூடாது, சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட வேண்டும். அவள் உட்கார்ந்த இடத்தில் தமயந்தி சிவப்புக் கொடி நட்டுக் கம்பிவேலி போட்டுவிடுவாள். பிறகு மெஷினும் வராது, நரியும் நுழையாது. மிளகுக்குப் பரிசு ஒரு ரப்பர் பந்து. அந்தப் பந்து என்றால் அவளுக்கு உயிர்!

இதையெல்லாம் ஒரு நரி கவனித்தது. திருட்டுப்பயல், சும்மா இருப்பானா? எங்கோ கிடந்த வரகுக்கோழி இறகைக் கவ்வி வந்து, தூரத்தில் ஒரு புதரடியில் போட்டான்.

மிளகுக்கு வாசனை வந்தது. ஓடினாள். கூடும் இல்லை, கோழியும் இல்லை, இறகு மட்டும் கிடந்தது. இது சரியில்லையே என்று மனசு சொன்னது. ஆனால் தமயந்தியின் கையில் பந்து! மிளகு சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.

"சமத்துக் கண்ணு!" என்று தமயந்தி பந்தைக் கொடுத்தாள். கொடியும் நட்டாள்.

புதருக்குள்ளிருந்து நரி இளித்தான். "ரொம்ப நன்றி, மிளகக்கா! நாளைக்குப் புல்லை அறுத்ததும் முட்டை நாலும் பளிச்சுன்னு தெரியும். எனக்கு விருந்துதான்!"

மிளகுக்குச் சுரீரென்றது. வாயில் இருந்த பந்து கசந்தது. நேரே போய் அதைத் தமயந்தியின் காலடியில் போட்டுவிட்டுத் தலைகுனிந்து நின்றாள்.

தமயந்தி திகைத்தாள். பந்தை இவள் திருப்பிக் கொடுத்ததே கிடையாது! இது தப்பான இடம் என்று புரிந்துவிட்டது. திட்டவில்லை, அடிக்கவில்லை. கொடியைப் பிடுங்கிக்கொண்டு, "போ கண்ணு, மறுபடி தேடு!" என்றாள்.

வெயிலில் நாக்குத் தள்ள, மிளகு மூலைமுடுக்கெல்லாம் மோந்தாள். பொழுது சாயும் நேரம், கூட்டுக்குப் பத்தடி தள்ளிச் சத்தமில்லாமல் உட்கார்ந்தாள்.

புல்லுக்குள் கோழி நடுங்கியது. "கடிச்சிராத தாயி!"

"பயப்படாதே. உன்னைக் காப்பாத்தத்தான் வந்தோம்."

வேலி எழுந்தது. மறுநாள் மெஷின் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனது. நரி வேலியைச் சுற்றிச் சுற்றி வந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

குஞ்சுகள் பொரிந்த அன்று, "நீ நல்லா இருக்கணும், மிளகக்கா!" என்று கோழி தழுதழுத்தது.

"எனக்கு நன்றி சொல்லாதே. முதல்ல ஒரு பந்துக்காகத் தப்பான இடத்துல உட்கார்ந்தவ நான்."

"திரும்பி வந்தியே! அதுக்குத்தான் நன்றி!"

மிளகு, தன்னை மறுபடி நம்பிய தமயந்தியின் கையை நக்கினாள்.

தனக்குச் சேராத பாராட்டைத் திருப்பிக் கொடுப்பவருக்கே உண்மையான நன்றி வந்து சேரும்.